பொம்ம காருக்கு எதுக்குய்யா ஸ்பேர் பார்ட்ஸ்?

டிஸ்கி: இது ரோட்டுல ஓடுற கார் பத்தின பதிவு இல்ல. ரிமோட் கார், அதாவது ஆர்.சி. கார் பத்தினது. "கல்யாணம் பண்ற வயசுல பொம்ம காரா?" என்று கேட்கும் நல்லவர்கள் இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

ஆர்.சி. கார் வாங்குவதைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே வேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர், 60 கிலோமீட்டர், நாலு சக்கரமும் இழுக்கும், தண்ணியில போகும்... பெட்டி மேல அச்சடிச்சிருக்கிறதும் அதேதான். "மூணு வருஷம் கழிச்சு இதோட பல்சக்கரம் தேஞ்சா எங்க போய் வாங்குறது?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால், "பொம்மைக்கு எதுக்குய்யா ஸ்பேர் பார்ட்ஸ்? உடைஞ்சா வேற வாங்கிக்க வேண்டியதுதானே?" என்கிறார்கள். போன வாரம்கூட ஒரு நண்பர் இதையே சொன்னார், அதுவும் ஏதோ பெரிய தத்துவம் மாதிரி.

எனக்கு இந்தப் பதிலைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. ஸ்பேர் கிடைக்காத வண்டியை நீங்க விலைக்கு வாங்கல சாமி, வாடகைக்கு எடுத்திருக்கீங்க. எத்தனை நாள் வாடகைன்னு விக்கிறவன் சொல்றதில்ல, அவ்வளவுதான்.

எங்க ஊர் போடிநாயக்கனூர். விடியுறதுக்கு முன்னாடியே ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏத்திக்கிட்டு போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, எல்லை தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போய், அங்கேயிருந்து தோட்டத்துக்குள்ள கல்லும் சேறுமா கிடக்கிற பாதையில ஏறணும். (அளவுக்கு மேல ஆள் ஏத்துறது தப்புதான். அது வேற சண்டை, வேற பதிவு.) மஹிந்திரா 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சதிலிருந்து வர்ற வம்சம் இதெல்லாம். மலையில ஓடுற பழைய கமாண்டர், மேஜரையெல்லாம் இன்னிக்கு ஷோரூம்ல புதுசா வாங்க முடியாது. தயாரிப்பை நிறுத்தி வருஷக்கணக்கா ஆச்சு. 2010இல் தார் வந்து, 2020இல் அதுக்கே அடுத்த தலைமுறையும் வந்தாச்சு. பழசு மட்டும் இன்னும் மெட்டு ஏறிக்கிட்டிருக்கு.

ஏன் ஏறுது? "அந்தக் காலத்து இரும்புல்ல!" என்று பெருசுகள் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. அந்த வண்டி நல்லாவே உடையும். யூ-ஜாயின்ட் கிராஸ் போகும், ஸ்பிரிங் பட்டை முறியும், கிளட்ச் பிளேட் தேயும், மழைக்காலம் வந்துட்டா பிரேக் லைனிங் மாத்தி மாளாது. ஆனா உடைஞ்ச சாமானுக்குப் பேர் இருக்கு. கடையில பேர் சொன்னா எடுத்துக் கையில குடுத்துடுவாங்க. கம்பெனி சாமான் இல்லாட்டி டூப்ளிகேட் இருக்கும், அதுவும் இல்லாட்டி காயலான் கடை, கடைசியா லேத்துப் பட்டறை. எங்க தெரு மெக்கானிக்கிட்ட ஒருதடவை ஒரு ஜீப்பைக் காட்டி, "அண்ணே, இது எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டேன். "எந்தப் பாகத்தக் கேக்குற தம்பி?" என்றார். ரொம்ப நாள் வச்சிருக்கிறதுன்னா என்னன்னு இதைவிடச் சுருக்கமா யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்ப பொம்மைக்கு வருவோம். போன கோடையில் எங்க அக்கா பையனோட காரை கொட்டகுடி ஆத்துக்குள்ள, தண்ணி வத்தின பக்கமா ஓட்டிக்கிட்டிருந்தோம். பாறை மேல ஏத்தி இறக்குற வகை. விலை எட்டாயிரத்துச் சொச்சம், வாங்கி ஒண்ணரை வருஷம். ஒரு கல் இடுக்குல சக்கரம் மாட்டி, மோட்டார் மட்டும் சுத்த, உள்ள 'கடகட'ன்னு சத்தம். பிரிச்சுப் பார்த்தா டிஃபரன்ஷியல்ல ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம், மூணு பல்லு காலி. மொத்தமா ஒரு கட்டைவிரல் நகம் அளவு சாமான். வித்தவங்களுக்கு மெயில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பதில்: அந்த மாடல் நிறுத்தியாச்சு, பாகங்கள் தனியா விக்கிறதில்ல, புது மாடல் எடுத்தா பத்து சதவீதம் தள்ளுபடி. பேர் சொல்லி என்ன ஆகப்போகுது, பாதிக் கம்பெனிகளோட பதில் இதேதான்.

மோட்டார் நல்லாயிருக்கு, பேட்டரி நல்லாயிருக்கு, ரிமோட் நல்லாயிருக்கு. நகம் அளவு பிளாஸ்டிக் இல்லாததால எட்டாயிரம் ரூபா வண்டி பரண்ல. இதைத்தான் "வேற வாங்கிக்க" என்கிறார்கள்.

இதுல பல்சக்கரம் போறதுகூட சின்ன வியாதிதான். பெரிய வியாதி போர்டுல இருக்கு. மலிவான வண்டிகள்ல ரிசீவர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற இ.எஸ்.சி., ஸ்டியரிங்கைத் திருப்புற சர்வோவோட கன்ட்ரோல் எல்லாத்தையும் ஒரே போர்டுல பத்த வச்சிருப்பாங்க. சர்வோவுக்கு அஞ்சு ஒயர் வரும். ஒண்ணு புகைஞ்சா மூணும் போச்சு. ஒழுங்கான வண்டியில மூணும் தனித்தனி. சர்வோவுக்கு மூணே ஒயர்: பிளஸ், மைனஸ், சிக்னல். ஒண்ணுலேருந்து ரெண்டு மில்லிசெகண்ட் நீளத்துல ஒரு துடிப்பு வரும், அந்த நீளத்தைப் பார்த்து சர்வோ திரும்பும். பல பத்து வருஷமா இதே கதைதான். அதனால எந்தக் கம்பெனி சர்வோவை எந்தக் கம்பெனி ரிசீவர்ல சொருகினாலும், கனெக்டரும் வோல்டேஜும் ஒத்துப்போனா வேலை செய்யும்.

அளவுகளும் அப்படித்தான். பத்துக்கு ஒண்ணு சைஸ் வண்டிகள்ல சக்கரம் மாட்டுற அறுகோணம் பெரும்பாலும் 12 மி.மீ. 540 மோட்டார்னா 3.17 மி.மீ. அச்சு. பேரிங் 5-க்கு 11-க்கு 4, இல்லாட்டி 10-க்கு 15-க்கு 4. இந்த அளவுல செஞ்ச வண்டியை எந்தக் கம்பெனி இழுத்து மூடினாலும் சாகவிடாம வச்சுக்கலாம். அய்யா, நாங்க ஏலக்காயையே 7 மி.மீ., 8 மி.மீ. என்று சலிச்சு, அளவு சொல்லித்தான் ஏலத்துக்கு விடுறோம். ஆயிரக்கணக்குல காசு வாங்குறவன் ஒரு பல்சக்கரத்துக்கு அளவு சொல்ல மாட்டானாமா?

இங்கே ரெண்டு கோஷ்டி சண்டைக்கு வரும்.

முதல் கோஷ்டி: "சைனா சாமான் வாங்கினா இப்படித்தான்." தப்பு சாமி. டபிள்யூ.எல். டாய்ஸ்னு ஒரு சீனக் கம்பெனி, பொம்மைத் தொழிலுக்குப் பேர் போன ஷான்டோ பக்கத்து ஆளுங்க. அவங்க வண்டியோட வர்ற கையேட்டுல பாகத்துக்குப் பாகம் படமும் நம்பரும் இருக்கும். அந்த நம்பரைப் போட்டுத் தேடினா சாமான் கிடைக்கும். நம்ம ஆளுங்க பலரும் இந்தச் சில்லறைச் சாமானையெல்லாம் அலி எக்ஸ்பிரஸ்லதான் வாங்கிக்கிட்டிருந்தாங்க. 2020 நவம்பர்ல 43 ஆப்களைத் தடை செஞ்சப்ப அதுவும் போச்சு. தடை சரியா தப்பா என்கிற அரசியலுக்குள்ள நான் போகல. ஆனா வண்டி கடைக்கு வந்துக்கிட்டேயிருக்கு, அதோட பல்சக்கரம் வர்ற வழி மட்டும் அடைஞ்சுபோச்சு. இதை யாருமே ஒரு பிரச்சினையா பேசல. இங்கே இருக்கிற கடைக்காரங்க கொஞ்சம் பேர் பாகங்களை வரவழைச்சு விக்கிறாங்க, அவங்களுக்குப் புண்ணியமா போகட்டும். கிடைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கிறது போடிக்காரனுக்குப் புதுசில்ல. 2010ஓட நின்ன மதுரை–போடி ரயில் 2023 ஜூன்லதான திரும்பி வந்துச்சு!

ரெண்டாவது கோஷ்டி: "நல்ல பிராண்டா வாங்கு." ஜப்பான் டமியா 1984இல் விட்ட கிராஸ்ஹாப்பர் வண்டியை 2005இல் மறுபடி வெளியிட்டாங்க. புதுசுக்கு வர்ற பாகங்கள் பெரும்பாலும் பழசுக்கும் பொருந்தும். இருபது வருஷம் தூங்கின வண்டி எழுந்து ஓடுச்சு. (எங்க மலை ஜீப்போட பாட்டன் வில்லிஸையே அவங்க 1982இல் ஆர்.சி. வண்டியா விட்டாங்க என்பது உபரித் தகவல்.) அமெரிக்காவுல டிராக்ஸஸ், 1990களின் நடுவில் வந்த ஸ்டாம்பீட், ரஸ்ட்லர் வண்டிகளை இன்னும் வித்துக்கிட்டிருக்காங்க, ஒண்ணோட பாகம் பலதும் இன்னொண்ணுக்குப் பொருந்தும். ஒத்துக்கறேன், அருமை.

ஆனா விலை? 2020 பிப்ரவரி பட்ஜெட்ல பொம்மைக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்துலேருந்து 60க்கு ஏத்தினாங்க, 2023இல் 70 ஆச்சு. அதுக்கு மேல ஜி.எஸ்.டி., கூரியர். பிராண்டு வாங்குன்னு அறிவுரை சொல்றது ஈசி, போடியில ஒரு ஏலக்காய்க் கடையில கணக்கெழுதுறவர் தன் பையனுக்கு டிராக்ஸஸ் வாங்க முடியுமா? அதோட பிராண்டும் நிரந்தரமில்ல. ஆக்ஸியல், ஆர்மான்னு ரெண்டு பேர் போன ஆர்.சி. பிராண்டை வச்சிருந்த ஹாபிகோ 2018 ஜனவரியில திவால் நோட்டீஸ் குடுத்துச்சு. ஹொரைசன் ஹாபி அந்த ரெண்டையும் வாங்கினதால வண்டிக்காரங்க தப்பிச்சாங்க. அது அதிர்ஷ்டம். வாங்க ஆளில்லாமப் போயிருந்தா? பொது அளவுல இருந்த பாகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

சரி, சர்க்கார் என்ன பண்ணுது? பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1லேருந்து அமலுக்கு வந்துச்சு. 14 வயசுக்குள்ள பிள்ளைங்க விளையாடுற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வரவேற்கிறேன், விஷப் பெயின்ட்டை வாயில வைக்கிற குழந்தைக்கு அது தேவை. ஆனா பொம்மை பத்திரமான்னு பார்க்கிற சட்டம் அது எத்தனை நாள் உழைக்கும்னு பார்க்கல. 2022இல் நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டு, அந்த டிசம்பர்லயே தளமும் திறந்தாங்க. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாதனம், வாகனம்னு நாலு துறை. பொம்மை அதுல இல்ல. ஐரோப்பாவுல 2021 மார்ச்லேருந்து வாஷிங் மெஷின் விக்கிறவன் பத்து வருஷத்துக்கு ஸ்பேர் குடுக்கணும்னு விதி. நாம பொம்மைக்குப் பத்து வருஷம் கேட்கல. அஞ்சு வருஷம் குடுங்க, போதும்.

"எண்ணூறு ரூபா காருக்கு ஸ்பேர் வச்சா எவனுக்குய்யா கட்டுபடியாகும்?" நியாயமான கேள்வி. எண்ணூறு ரூபா காருக்கு நான் கேட்கல. திருவிழாக் கடையில வாங்கி, அடுத்த திருவிழாவுக்குள்ள உடைகிற சாமான் அது, ரெண்டு தரப்புக்கும் தெரிஞ்ச ஒப்பந்தம். நான் கேட்கிறது ஆறாயிரம், பத்தாயிரம், பதினஞ்சாயிரம்னு வாங்கிக்கிட்டு, பெட்டியில "ஹாபி கிரேடு"ன்னு கொட்டை எழுத்துல போட்டு விக்கிறவங்களை. ஹாபி கிரேடுன்னா பிரிச்சு மாத்தலாம்னு அர்த்தம். மாத்தச் சாமான் குடுக்காம அந்தப் பேரைப் போடுறது, ஏலக்காய் மூட்டையில மேலாப்புல மட்டும் எட்டு மி.மீ. காயைப் பரப்புற வேலை. எங்க ஊர்ல அப்படிப் பண்ணினா அடுத்த ஏலத்துல ஒருத்தனும் கை தூக்க மாட்டான்.

பொட்டி தட்டுற பொழப்புல இருக்கிறவன் என்கிற முறையில இன்னொண்ணு. எங்க ஆபீஸ்ல ஒரு பழைய சாஃப்ட்வேருக்கு சப்போர்ட்டை நிறுத்தணும்னா முன்கூட்டியே தேதி சொல்லணும். சொல்லாம நிறுத்தினா கஸ்டமர் வீடு தேடி வந்து உதைப்பான். பேச்சுக்குத்தான், ஆனா கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு வண்டியை நிறுத்தும்போதும் தேதி சொல்லுங்க. அந்தத் தேதிக்குள்ள வேண்டிய பல்சக்கரத்தை நாங்க வாங்கி வச்சுக்கறோம். அதுக்கப்புறம் அந்தப் பாகத்தோட வரைபடத்தை வெளியில விடுங்க. இப்ப 3டி பிரிண்டர் இருக்கு. சாதா பிளாஸ்டிக்ல அடிச்ச பல்சக்கரம் பாறைக்குத் தாங்காது, நைலான்ல அடிச்சா ஓரளவு ஓடும். இத்தனைக்கும் நீங்க விக்காத சாமானோட படம்தான் அது, உங்களுக்கு என்ன நஷ்டம்?

மக்கா, கடைசியா உங்களுக்கு. அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட "எந்த ஆர்.சி. கார் வாங்கலாம்?" என்று கேட்டா வேகத்தைச் சொல்லாதீங்க. காசு குடுக்கிறதுக்கு முன்னாடி விக்கிறவங்களுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்க: டிஃபரன்ஷியல் பல்சக்கரம் தனியா என்ன விலை, அதோட பார்ட் நம்பர் என்ன, சர்வோவுக்கு மூணு ஒயரா அஞ்சு ஒயரா, பேட்டரி பொதுவா கிடைக்கிற அளவா இல்ல அந்த வண்டிக்குன்னே வார்த்த டப்பாவா. இந்த பேட்டரி விஷயத்துல ஜாக்கிரதை. எந்தப் பாகம் போகலேன்னாலும் மூணு நாலு வருஷத்துல பேட்டரி போயே தீரும். தனி அச்சுல வார்த்த பேட்டரின்னா வண்டிக்கும் அன்னிக்கே பால்தான்.

நான் இப்படி நாலு இடத்துக்கு மெயில் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பேர் பதிலே போடல. ஒருத்தர் "சார், அதெல்லாம் உடையாது சார்" என்று எழுதியிருந்தார். ஒருத்தர் மட்டும் பாகங்களோட பட்டியலை விலை, நம்பரோட அனுப்பினார். வண்டி விலை மத்தவங்களைவிட எழுநூறு ரூபா கூட. அக்கா பையனுக்கு அவர்கிட்டதான் சொல்லியிருக்கேன். வண்டியோட சேர்த்து டிஃபரன்ஷியல் பல்சக்கரமும் ரெண்டு செட்டு.