தோட்டாவின் அடியில் ஒரு பொய்

மெட்டீரியல்ஸ் பாடத்தில் 'கார்ட்ரிட்ஜ் பிராஸ்' என்று ஒன்று வருமே, ஞாபகம் இருக்கா மக்களே? 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம், நன்றாக இழுபடும், இரண்டு மார்க். அதோடு மறந்துவிடுவோம். அந்த இரண்டு மார்க் பித்தளையை வைத்து அமெரிக்காவில் ஒரு கூட்டம் செய்கிற காரியத்தைத் திட்டத்தான் இந்தப் பதிவு. துப்பாக்கி என்றாலே அலர்ஜி என்பவர்களும் படிக்கலாம். எனக்கும் அதைச் சுட ஆசை எல்லாம் இல்லை.

முதலில் விஷயம். ரைஃபிள் தோட்டாவைச் சுட்டால் குண்டு போய்விடும், பித்தளைக் கூடு மிச்சம். தோட்டாவின் விலையில் பெரும் பங்கு அந்தக் கூட்டுக்குத்தான். அதனால் அங்கே நிறையப் பேர் காலிக் கூட்டைப் பொறுக்கி, புது மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். (நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959-ம் வருட ஆயுதச் சட்டம் பாயும். யாரும் ஐடியா பண்ண வேண்டாம்.)

இதிலேயே அடுத்த படி, ஒரு அளவுத் தோட்டாவின் கூட்டை டைக்குள் அழுத்தி, வெட்டி, வேறு அளவுத் தோட்டாவின் கூடாக மாற்றுவது. இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த .30-06 கூட்டின் கழுத்தை விரித்ததுதான் 1922-ல் வந்த .35 வீலன். 1952-ல் வந்த .308 வின்செஸ்டரின் கழுத்தைச் சுருக்கியது 1955-ன் .243. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஜப்பானிய அரிசாகா ரைஃபிள்களை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குத் தோட்டா எங்கே கிடைக்கும்? .30-06 கூட்டை வெட்டித்தான் 7.7 அரிசாகா கூடு செய்தார்கள். இதில் எனக்குச் சண்டை இல்லை. உற்பத்தி நின்றுபோன பழைய துப்பாக்கிக்கு உயிர் கொடுப்பது நல்ல கைவேலை, சபாஷ்.

என் சண்டை ஹெட்ஸ்டாம்போடு. கூட்டின் அடிப்பாகத்தில் வட்டமாக எழுத்துகள் குத்தியிருக்கும், யார் செய்தது, என்ன அளவு என்று. கூட்டின் மற்ற எல்லா இடத்தையும் டை மாற்றிவிடும். அந்த அடியை மட்டும் தொடாது. ஆக, ஆள் மாறிவிட்டான், ரேஷன் கார்டில் பழைய பெயரே இருக்கிறது.

இதில் மோசமான கேஸ் .300 பிளாக்அவுட். 2011-ல் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் சங்கமான சாமி இதை அங்கீகரித்தது. ஏஆர்-15 ரைஃபிளில் பேரலை மட்டும் மாற்றினால் போதும், அதே போல்ட், அதே மேகசின். இதுதான் அதன் விற்பனை மந்திரமே. கூடும் சுலபம். .223 கூட்டை வெட்டி 1.760 அங்குலத்திலிருந்து 1.368 அங்குலமாகக் குட்டையாக்கி, அதுவரை உடம்பாக இருந்த பகுதியைக் கழுத்தாக்கினால் வேலை முடிந்தது. ராணுவ 5.56 காலிக் கூடு அங்கே மலையாகக் குவிந்து கிடப்பதால், வெட்டி மாற்றிய கூட்டை மூட்டை மூட்டையாக விற்கிறார்கள். அடியில் பழைய முத்திரை அப்படியே இருக்கும்.

இப்போது நடக்கக்கூடியதைப் பாருங்கள். பிளாக்அவுட் குண்டின் விட்டம் .308 அங்குலம். .223 பேரலின் ஓட்டைக்கு ஏற்ற குண்டு .224 அங்குலம். பெரியது சிறியதற்குள் போகாதே என்று தோன்றும். ஆனால் கூடு குட்டை. அதனால் தடித்த குண்டு .223 சேம்பரின் அகலமான உடம்புப் பகுதிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். சில குண்டுகளுக்கு, அதுவும் போல்ட் வேகமாக அடித்துக் குண்டு கூட்டுக்குள் பின்னால் நகர்ந்துவிட்டால், போல்ட் முழுசாக மூடிக்கொள்ளும். விசையை இழுத்தால் 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. ஓட்டைக்குள் நுழையப் பார்க்கும். இந்த இரண்டு தோட்டாவுக்குமே அனுமதித்த உச்ச அழுத்தம் 55,000 பிஎஸ்ஐ. வாய் அடைபட்டால் அது எங்கே போய் நிற்கும்? ரைஃபிள் வெடிக்கும், சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில். இப்படி வெடித்தவை பல.

இதைச் சொன்னால் வரும் முதல் பதில்: "வெடித்ததில் நிறைய, சரியான முத்திரை போட்ட ஃபேக்டரி தோட்டாதான். மேகசினை மாற்றிப் போட்டதுதான் தப்பு. முத்திரை என்ன கிழித்தது?" வாதம் சரிதான். பார்க்காமல் போடுகிறவனை எந்த முத்திரையும் காப்பாற்றாது. ஆனால் எடுத்துப் பார்க்கிற ஒருத்தன் இருக்கிறானே, அவன் கதி? அவன் தோட்டாவைத் திருப்பி, 223 என்று படித்து, சரி என்று போடுவான். ஜாக்கிரதையாக இருப்பவனையும் ஏமாற்றுகிற ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

இரண்டாவது பதில்: "நான் செய்தது எனக்குத் தெரியும். பெட்டியில் எழுதி வைத்திருக்கிறேன்." நம் வீடுகளில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிறவர்கள் சொல்வதும் இதுதானே? ஊற்றியவருக்குத் தெரியும். தாகத்தோடு வரும் குழந்தைக்குத் தெரியுமா? கூடும் அப்படித்தான். ரேஞ்சில் கீழே விழும், இன்னொருவர் பொறுக்குவார். தாத்தா போனபின் அவருடைய டப்பாக்கள் ஏலத்துக்குப் போகும். பெட்டி கிழியும், மார்க்கர் மை சுத்தம் செய்யும் டிரம்மில் இரண்டு சுற்றுக்குத் தாங்காது. மிஞ்சுவது குத்திய எழுத்து ஒன்றுதான், அதுவும் பொய்!

இன்னொரு விஷயம், இது நம்ம பாடத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில், இந்தியாவில், குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, தட்டவில்லை. 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். 1921-ல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் மூவரும் காரணத்தைச் சொன்னார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, அதோடு உற்பத்தியின்போது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கம். (இந்த ஒரு கதையைச் சொல்லி ஆரம்பித்திருந்தால் அந்த யூனிட்டில் பாதி கிளாஸ் தூங்கியிருக்காது.) ஒரு கூட்டை எத்தனை முறை இழுத்தார்கள், எங்கே அழுத்தினார்கள், கழுத்தை மட்டும் சூடாக்கினார்களா, இல்லை அடிவரை சூடேற்றி அழுத்தம் தாங்கவேண்டிய இடத்தையே மெத்தென்று ஆக்கிவிட்டார்களா, எதுவும் வெளியே தெரியாது. பிளாக்அவுட் மாற்றத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. புதுக் கழுத்து பழைய உடம்பிலிருந்து வந்தது. சில கம்பெனிக் கூடுகளில் அந்தச் சுவர் தடிமன் அதிகம். சேம்பரில் கழுத்து விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். எந்தக் கூடு என்று கண்டுபிடிக்கவும் அந்த முத்திரையைத்தான் பார்த்தாக வேண்டும். அதாவது செய்கிற இவர்களே அந்த எழுத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அடுத்தவன் மட்டும் நம்பக்கூடாதாம்.

மூன்றாவது பதில் காசு. எனக்கு இதில்தான் கோபம் அதிகம். அரிசாகா காலத்தில் வேறு வழி இல்லை என்றால் ஒத்துக்கொள்ளலாம். பிளாக்அவுட்டுக்குச் சரியான முத்திரையோடு புதுக் கூடே கடையில் கிடைக்கிறது. சில காசு மிச்சத்துக்காகத்தான் இந்தக் கூத்து. அதுவும் வீட்டில் பத்துக் கூடு செய்பவரை விடுங்கள், வியாபாரமாக ஆயிரக்கணக்கில் விற்பவருக்கு லேத்தில் அந்த எழுத்தைச் சீவித் தள்ளவாவது என்ன கேடு? மொட்டையாக இருந்தால்கூடப் பரவாயில்லை. எழுத்தே இல்லாத கூட்டைப் பார்த்தால் எவனும் ஒரு நிமிஷம் நின்று யோசித்து, காலிப்பரை எடுத்து அளந்து பார்ப்பான்.