காதில் ஓயாத 'ஙொய்' சத்தம்: தேயிலை ஃபேக்டரி தொழிலாளர்களே உஷார்!

நெல்லியாளம்: இலங்கையில் இருந்து வந்த தமிழர்களுக்கு இந்தப் பக்கம் சோறு போட்டது தேயிலைதான். 1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம். 1968-ல் இவர்களுக்காகவே அரசு தொடங்கிய தோட்டம்தான் 'டேன்டீ'. லயங்களில் இப்போது பேரன், பேத்திகள் காலம்.

ஃபேக்டரிக்குள் இலை வாட்டும் விசிறி, சி.டி.சி. மெஷின், டிரையர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசணும். தோட்டத்தில் கவாத்து மெஷின் பிடிப்பவர் கதையும் இதேதான்.

ஷிப்ட் முடிந்து படுத்தாலும் காதில் வண்டு கத்துகிறதா? பனி, வயசு என்று விட்டுவிடக் கூடாது. உள்காதின் மெல்லிய முடி செல்கள் சத்தத்தால் சாகத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். செத்த செல் திரும்ப முளைக்காது. காதில் எண்ணெய் ஊற்றுவது வீண் வேலை.

சத்தத்தால் காது மந்தமாவது நஷ்டஈடு கேட்கக்கூடிய தொழில்நோய். இது பலருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு கணக்கு. 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இழப்பு இருக்கணும். வெறும் இரைச்சலுக்கு அதில் இடமே இல்லை. தூக்கம் கெட்டவர் கையில் ஒரு சீட்டும் இருக்காது!

அதனால்தான் வேலையில் இருக்கும்போதே 'ஆடியோகிராம்' எடுத்து வைப்பது முக்கியம். ரிட்டையரான பிறகு மெஷினால் வந்தது என்று நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். காது பரிசோதனை முகாம் லயத்துக்கே வந்தால்தான் ஆகும்.