முனகலும் எர்த்துக் கம்பியும்

தம் கையாலேயே ஒலிபெருக்கி அமைத்து அதன்வழிப் பாட்டுக் கேட்கும் மாணவர் நம்மிடையே பலர் உளர். அவர்தம் உவகையைக் கெடுப்பது, பாட்டு நின்ற பின்னும் ஸ்பீக்கரினின்று ஓயாது எழும் 'உம்' என்னும் முனகல். இதனை அடக்க ஒரு குறுக்குவழி மாணவரிடையே வழங்கி வருகின்றது. பிளக்கின் தடித்த முனையோடு சேர்ந்த எர்த்துக் கம்பியைக் கழற்றிவிடுதலே அது. கழற்றியவுடன் பல சமயங்களில் முனகல் அடங்கவுஞ் செய்யும். அடங்குவதனாலேயே இவ்வழி பொல்லாதது என்பது எம் துணிபு. பயனளியாத தீய வழியை எவரும் இரண்டாம் முறை நாடார் அன்றோ?

அஃது அடங்குவது ஏன் என்பதைச் சிறிது ஆராய்வோம். கம்ப்யூட்டரும் ஒலிபெருக்கியும் தனித்தனியே எர்த்துடன் பிணைந்துள்ளன. இரண்டிற்கும் இடையே ஓடும் ஒலிக் கம்பியின் உலோக உறையும் அவற்றைப் பிணைக்கின்றது. இங்ஙனம் ஒரு வளையம் உண்டாகி, வினாடிக்கு 50 சுழற்சியுடைய சிறு மின்னோட்டம் அதனுள் சுற்றி வருகின்றது. அதனால் எழும் மில்லிவோல்ட் அளவான அழுத்தத்தையும் பாட்டென்றே கொண்டு ஒலிபெருக்கி 20 மடங்காகப் பெருக்கித் தருகின்றது. எர்த்தைக் கழற்றினால் வளையம் அறுபடும். உடன் காவலும் அறுபடும். 230 வோல்ட் கம்பி என்றேனும் உலோகப் பெட்டியைத் தொடுமாயின், எர்த்து உள்ளபோது பெரு மின்னோட்டம் பாய்ந்து பியூஸ் எரிந்துபோம். இல்லாதபோது பெட்டி ஓசையின்றி உயிர்ப்புற்று, தொடுவோனுக்காகக் காத்திருக்கும். எர்த்தே வேண்டாத இரட்டைக் காப்புடைய கருவிகளும் கடைகளில் உள. வீட்டில் அமைத்த உலோகப் பெட்டி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. 1972 மே மாதத்தில், வேல்ஸ் நாட்டுச் சுவான்ஸி நகர மேடையொன்றில், 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிட்டார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த்துச் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மாண்டார்.

முனகலின் பிறப்பிடத்தைத் தேடுவதற்கு அறிவும் பொறுமையுமே வேண்டும். முதற்கண் ஒலிக் கம்பிகள் யாவற்றையும் கழற்றிவிட்டு, ஒலி புகும் வாயை அதன் கிரவுண்டோடு சிறு கம்பியால் இணைத்துக் கேட்க. முனகல் மறைந்ததாயின் குற்றம் வெளியிலே. லாப்டாப்பின் சார்ஜரைக் கழற்றியதும் அது மறைதல் வளையத்திற்கு நற்சான்று. அதற்குரிய மருந்து, ஒலிக் கம்பியின் நடுவே இடும் சிறிய ஆடியோ டிரான்ஸ்பார்மர். எர்த்து இருபுறமும் இருந்தபடியே இருக்க, ஒலி மட்டும் கடந்து செல்லும்.

மறையவில்லையாயின் குற்றம் பெட்டிக்குள். இங்கே இசைச் செவி துணைபுரியும். முழு அலையையும் டையோடுகளால் நேராக்கிய பின் எஞ்சும் அலைவு வினாடிக்கு 100 அதிர்வுடையது. டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்தால் நேரே புகுவது 50, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. 50 ஆயின் டிரான்ஸ்பார்மரைச் சிறிது திருப்பியும், ஒலி வாயினின்று விலக்கியும் பார்க்கலாம். 100 என்றறிந்ததும் நம் மாணவர் கடைக்கு ஓடிப் பெரிய கண்டென்ஸர் வாங்குகின்றனர். பழையது பழுதுற்றதோ, மிகச் சிறியதோ ஆனாலன்றி இது வீண் செலவு. மின்னோட்டம் கண்டென்ஸருக்குள் சீராகப் புகுவதில்லை. அலையின் உச்சியில் மட்டும் குறுகிய வீச்சுகளாகப் பாய்கின்றது. கண்டென்ஸர் பெரிதாக ஆக அவ்வீச்சுகள் கூர்மையுறும். அவை பாயும் கம்பியிலேயே ஒலியின் கிரவுண்டையும் பற்றவைத்திருப்பதுதான் பெரும்பாலும் காணும் குற்றம். 5 ஆம்பியர் வீச்சு 0.01 ஓம் கம்பியில் பாய்ந்தால் 50 மில்லிவோல்ட் எழுமே! ஆதலின் பிளக்கை உருவி, கண்டென்ஸர் வடியும்வரை பொறுத்து, டிரான்ஸ்பார்மரின் நடுமுனையையும் கண்டென்ஸர்களையும் குறுகிய கம்பியால் இணைக்க. அவ்விணைப்புக்கு அப்பாலுள்ள ஒரே புள்ளியில் ஸ்பீக்கர், ஒலி வாய் ஆகியவற்றின் கிரவுண்டுகளைத் தனித்தனிக் கம்பியாகக் கொண்டுவந்து சேர்க்க. ஒரு முழக் கம்பியும் ஒரு மாலைப் பொழுதுமே செலவு.

அதன் பின்னும், ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால் மட்டும் கேட்கும் மெல்லொலி எஞ்சுமாயின், அதனைப் பொருட்படுத்தாது பாட்டைக் கேட்கலாம்.