‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?

நம் தமிழ்ப் பத்திரிகைகளில் சமையல் குறிப்பு எழுதும் சகோதரிகள் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. கோழி அரை கிலோ, தக்காளி இரண்டு, மிளகு ஒரு டீஸ்பூன் என்று கறாராகக் கணக்குச் சொல்லிக்கொண்டே வருவார்கள். கடைசி வரியில் ‘உப்பு, எண்ணெய் தேவையான அளவு’ என்று முடித்துவிடுவார்கள். என்னைப் போன்றவனுக்கு எது முக்கியமோ, அதற்குத்தான் அளவு இல்லை!

நான் டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன். அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். ‘தேவையான இடைவெளி விட்டுப் போடவும்’ என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது.

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் எனக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் கோழியைத் தடுக்கவில்லை. தோல் நீக்கிய கோழி வாரம் இரண்டு நாள் சாப்பிடலாம். உப்பும் எண்ணெயும் குறைய வேண்டும் என்றார். என் மனைவியும் குறைத்தாள். அதாவது, குறைத்ததாக இருவரும் நம்பினோம். மூன்று மாதம் கழித்தும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை, மாத்திரைதான் ஏறியது.

அடுத்த உப்புப் பாக்கெட்டைப் பிரித்தபோது அதன் மேல் தேதியை எழுதி வைத்தேன். ஒரு கிலோ பாக்கெட். வீட்டில் இரண்டே பேர். 52ஆம் நாள் தீர்ந்தது. ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து கிராமை ஒட்டி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. அப்பளம், ஊறுகாய், மாலை நேர பிஸ்கட் எதுவும் என் கணக்கில் சேரவே இல்லை. நாற்பது வருஷமாகக் கையால் அள்ளிப் போட்ட பழக்கம். ‘குறைத்துப் போடு’ என்றால் கை கேட்காது. ஸ்பூனைக் கொடுத்தால் கேட்கும்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு இது. தோலில்லாத கோழி அரை கிலோ, நாலு பேருக்கு. மல்லி இரண்டு டீஸ்பூன், மிளகு ஒன்று, சீரகமும் சோம்பும் அரை அரை. வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய சின்ன வெங்காயம் பதினைந்து, கறிவேப்பிலை தாராளமாக. எண்ணெய் இரண்டு டீஸ்பூன், பத்து மில்லி. அதற்கு மேல் கிடையாது. தக்காளியும் கோழியும் விடும் நீரிலேயே, மூடி வைத்து, சிறு தீயில் வேக வேண்டும். உப்பு அரை டீஸ்பூன், அதுவும் இறக்கும்போது. முதலிலேயே போட்டால் கறிக்குள் போய்விடுகிறது. கடைசியில் போட்டால் நாக்கில் படுகிறது. அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் குறை தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பம் வந்தாலும் இதே சட்டிதான். எனக்கென்று ‘நோயாளிக் குழம்பு’ தனியாக வைத்தால், நான் அடுத்த சட்டியில்தான் கை வைப்பேன்.

சைவ அன்பர்கள் மன்னிக்கவும். ஆனால் உப்புக் கணக்கு உங்கள் சாம்பாருக்கும் பொருந்தும்!

தில்லியில் இருந்துகொண்டு பட்டர் சிக்கனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1947இல் பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தரியாகஞ்சில் மோத்தி மகலைத் தொடங்கினார்கள். பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தது யார் என்று 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். தந்தூரில் சுட்ட கோழி நல்ல கோழிதான். அதை வெண்ணெயிலும் க்ரீமிலும் முக்கியதுதான் எனக்கு ஆகாமல் போயிற்று. வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கு கொழுப்பு.

இன்னொன்று. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

நம் இதழில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களை ஒன்றுதான் கேட்கிறேன். உப்புக்கும் எண்ணெய்க்கும் ஓர் எண் போடுங்கள். பிடிக்காதவர்கள் கூட்டிப் போட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் அடுத்த பாக்கெட் 84 நாள் வந்தது. 100 வந்திருக்க வேண்டும். நடுவில் விருந்தாளிகள் வந்து போனார்கள் என்கிறாள் என் மனைவி.