ஆறடிப் பையனுக்கு வலை வீசும் ‘கல்வி வள்ளல்கள்’!

வாழப்பாடிப் பக்கத்துப் பாக்குத் தோப்புகளில் மரமேறிப் பிழைக்கும் கூலித் தொழிலாளி ஒருவர் போன மாதம் நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நான்காக மடித்த முத்திரைத்தாள்.

“இதுல என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க தோழர். மூணு வருசத்துக்கு முன்னால நான்தானுங்க கைநாட்டு வெச்சேன்” என்றார்.

படித்தோம். முழுவதும் இங்கிலீஷ். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாத தாளில் தமிழ்த் தொழிலாளியின் பெருவிரல் ரேகை மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது!

விஷயம் இதுதான். அவருடைய மகன் ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்தவன். பள்ளியில் கூடைப்பந்து ஆடினான். ஏதோ ஒரு போட்டியில் அவனைப் பார்த்துவிட்டுத் தனியார் கல்லூரி ஒன்றின் ஆட்கள் ஊர்த் தெருவுக்கே காரில் வந்தார்கள். பீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், சாப்பாடு இலவசம், பூட்ஸ்கூட இலவசம் என்றார்கள். பையன் இரண்டு வருஷம் ஆடினான். கல்லூரிக்குக் கோப்பை வந்தது. கல்லூரி பஸ்ஸின் முதுகில் பையனின் படம் வந்தது. மூன்றாம் வருஷம் பந்துக்கு எம்பிக் குதித்தவன் கால் பிசகி விழுந்தான். முழங்கால் ஜவ்வு கிழிந்தது.

அப்போதுதான் தாள் வாயைத் திறந்தது. கல்லூரி அணிக்கு ஆடும் வரைதான் சலுகையாம். ஆடாவிட்டால் அந்த வருஷத்துப் பீஸும் ஹாஸ்டல் பாக்கியும் கட்ட வேண்டுமாம். கட்டுகிற வரையில் பையனின் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் கல்லூரி பீரோவில் பத்திரமாக இருக்குமாம்!

ஆலைத் தொழிலாளர்களைக் கேட்கிறோம்: இந்தத் தாளின் வாசனை உங்களுக்குப் புதிதா? ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்களகரமான பெயரில் நமது மேற்கு மாவட்டத்து நூற்பாலைகள் நடத்திய கூத்து ஞாபகம் இருக்கிறதா? ஏழை வீட்டுப் பெண்ணை மூன்று வருஷத்துக்கு ஹாஸ்டலில் அடைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசை காட்டினார்கள். நடுவில் நோய் வந்து வீடு திரும்பினால் தொகையும் போயிற்று என்று கையை விரித்தார்கள். அதே தாள்தான் இது. அங்கே கதிர், இங்கே பந்து. நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணையில் முட்டையிடும் வரைதான் தீவனம். முட்டை நின்றால் கோழி கறிக்கடைக்கு. கோழிக்குப் போடும் அந்தக் கணக்கைக் கூலிக்காரன் பிள்ளைக்குப் போடுகிறார்கள் கல்வி வள்ளல்கள்.

“இலவசமாகப் படிக்க வைக்கிறோமே, இதற்கு மேல் என்ன வேண்டும்? விளையாட்டு ஒரு தவம். அதைக் கூலி வேலையோடு ஒப்பிடலாமா?” என்று இந்தக் கனவான்கள் கேட்கிறார்கள்.

பலே! காலை ஐந்தரை மணிக்கு விசில் ஊதினால் மைதானத்தில் நிற்க வேண்டும். சாயந்திரம் மறுபடியும் விசில். போட்டிக் காலத்தில் ரயிலில் தூக்கம், திரும்பி வந்தால் தவறிப்போன பரீட்சை. லீவு கேட்டால் முறைப்பு. இது தவமாம்! தவம் செய்கிறவனின் கோப்பையை விளம்பரத் தட்டியில் போட்டு, அட்மிஷன் காலத்தில் மற்ற பிள்ளைகளின் தகப்பன்மாரிடம் லட்சக்கணக்கில் பீஸ் வசூலிப்பது எந்தத் தவத்தில் சேர்த்தி? ஆறடிப் பையன் ஒருவனின் இலவச சீட்டு இவர்கள் வீட்டுப் பணமல்ல. விளம்பரச் செலவில் எழுதும் ஒரு வரி.

இந்த வாதம் நம் ஊர் முதலாளிகளின் சொந்தச் சரக்குகூட அல்ல. பந்து வந்த தேசத்திலிருந்தே வந்த சரக்கு. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழம் அள்ளும் கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்துத் தொங்கவிட்டு இந்த ஆட்டத்தை ஆரம்பித்தார். ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் அதை உலகெங்கும் கொண்டுபோயிற்று. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி இன்றும் நடக்கிறது. ஆட்டத்தில் குற்றமில்லை. கூலிக்காரப் பிள்ளைகள் தாராளமாக ஆடட்டும். ஆட்டத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களின் கதைதான் கேட்கத்தக்கது.

1955இல் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் ரே டென்னிசன் என்ற மாணவர் தம் கல்லூரிக்காக அந்நாட்டுக் கால்பந்து ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1957இல் மாகாண உச்ச நீதிமன்றம் ஒரு காசும் இல்லை என்று சொல்லிவிட்டது. கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லையாம், ஆகவே இறந்தவர் தொழிலாளி இல்லையாம்! மில்லில் விபத்து நடந்தால் நஷ்ட ஈடு உண்டு என்பது அடிமைப்பட்டிருந்த நமது நாட்டிலேயே 1923இல் சட்டமாகிவிட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். ஆடுகிறவனைத் தொழிலாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே ‘மாணவ விளையாட்டு வீரன்’ என்ற பெயரைத் தயாரித்து எல்லோரும் அப்படியே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்ததாக 1995இல் தமது நூலிலேயே ஒப்புக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு வந்த ஞானோதயம்!

வியாபாரம் இல்லையாம். 2010இல் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியை டெலிவிஷனில் காட்டும் உரிமை 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலருக்கு விலை போயிற்று. ஆடிய பையன்களுக்கு? 2014 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி அந்தப் போட்டியில் முதலிடம் பெற்றது. அதன் முன்னணி வீரர் ஷபாஸ் நேப்பியர் சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாகப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். கோடி டாலர் ஆட்டத்தின் வெற்றி வீரன் பட்டினி! நாடே சிரித்த பிறகு, அதே மாதத்தில் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள்.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், படிப்பு சம்பந்தமான உதவிகளுக்குக் கல்லூரிச் சங்கம் போட்டிருந்த வரம்பு செல்லாது என்றார்கள். 2025 ஜூனில் கோர்ட் ஏற்ற ஒப்பந்தப்படி, ஒரு கல்லூரி 2025-26ஆம் வருஷத்தில் 2.05 கோடி டாலர் வரை ஆடுகிறவர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆயிற்று. இதில் பெரும்பங்கு ஒருசில நட்சத்திரங்களுக்கே போகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். நமக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து அணிப் பையன்கள் 13க்கு 2 என்று வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள்! அந்தக் கல்லூரியின் ஊழியர்கள் ஏற்கெனவே இருந்த அதே சங்கத்தில் சேர்ந்தார்கள். கல்லூரி நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கே வர மறுத்தது. அரசாங்கம் மாறும் சமயத்தில், தொழிலாளர் வாரியம் பாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடும் என்று கண்டு, அந்த வருஷக் கடைசி நாளில் மனுவை வாபஸ் வாங்கினார்கள். தோல்விதான். ஆனால் பந்து பிடிக்கும் கையும் பாத்திரம் கழுவும் கையும் ஒரே சங்கச் சீட்டைப் பிடித்ததை யார் அழிக்க முடியும்?

நமது தோழர்களிலேயே சிலர், “கூலி உயர்வு பற்றி எழுத வேண்டிய ஏட்டில் பந்தாட்டம் எதற்கு?” என்று கேட்டார்கள். நாமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். அது தவறு. மரவள்ளிக் காட்டிலும் ஜவ்வரிசி ஆலையிலும் உழைக்கிற குடும்பத்துப் பையன் பட்டதாரி ஆகிறதற்குத் திறந்திருக்கும் சில சந்துகளில் இது ஒன்று. இந்த வழியில் படித்து வேலைக்குப் போனவர்களும் உண்டு. அதை மறுக்க மாட்டோம். ரயில்வே, ஐ.சி.எஃப்., சுங்க இலாகா, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவை அணிகள் வைத்து ஆட்டக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுத்து வந்திருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. எல்லாம் பொதுத்துறை, எல்லாம் ஜனங்களின் பணம். பொதுத்துறையை விற்கத் துடிக்கிறவர்கள் எந்தச் சந்தை அடைக்கிறார்கள் என்பது புரிகிறதா? வேலை குறையக் குறைய, கைநாட்டு வாங்க வரும் காருக்குத்தான் கொண்டாட்டம்.

வளர்ப்பது என்றால் என்ன? சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்ற தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கியவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அவரிடம் இருந்த திறமையை முதலில் கண்டவர் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர். அந்த ஆசிரியர்களின் இடங்களை நிரப்புங்கள், உடற்பயிற்சிப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்காதீர்கள் என்று கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள்.

வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் 2020இல் முதலமைச்சரும் ராகுல் டிராவிட்டும் வந்து கிரிக்கெட் மைதானம் திறந்தார்கள். டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கின்றன. நல்லது. கூடைப்பந்துத் தளத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் தெரியுமா? நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். நம் கணக்கில் பத்தரை சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. பத்தடி உயரத்தில் இரண்டு வளையம். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அது இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இருந்தால், வளையம் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இலவச சீட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொடுக்கட்டும். ஆனால் தாள் தமிழில் இருக்கட்டும்; வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கட்டும். கால் ஒடிந்தாலும் பட்டம் வாங்கும் வரை சலுகை நிற்க வேண்டும். ஆட்டத்தில் பட்ட அடிக்கு ஆபரேஷன் செலவும், மறுபடி நடக்கப் பழகும் மாதங்களின் செலவும் கல்லூரியைச் சேர்ந்தது. சான்றிதழைப் பிடித்துவைக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. சரிபார்த்த பிறகு அசலைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது. அந்த உத்தரவின் நகல் நமது அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை அந்தத் தகப்பனாரும் மகனும் நாமும் மனுவோடு கல்லூரிக்குப் போகிறோம். பையன் இப்போது கோல் இல்லாமல் நடக்கிறான். படி ஏறத்தான் சிரமம். காலை ஏழு மணிக்கு வாழப்பாடி பஸ் நிலையத்தில் கூடுகிறோம். ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்கிறவர்கள் வாருங்கள். இதேமாதிரித் தாள் வீட்டில் வைத்திருக்கிறவர்கள் அதையும் எடுத்து வரவும். ஜெராக்ஸ் போதும், அசலை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், நம்மிடம்கூட.