பூச்சாடிக்குப் போட்டது கிணற்றுக்குப் போகிறது

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகள், என் முற்றத்துப் பூச்சாடிகளுக்கென்று ஒரு பொதி பசளை கொண்டுவந்தாள். கடுகைவிடச் சற்றுப் பெரிய, பழுப்பு மஞ்சள் உருண்டைகள். "மாமா, ஒருக்காப் போட்டால் ஆறு மாதத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்றாள். பொதியிலும் அவ்வாறே எழுதியிருந்தது. அந்த ஆறு மாதக் கணக்கு ஏறத்தாழ 21 பாகை செல்சியசில் போடப்பட்டது என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். யாழ்ப்பாணத்துக்கு 21 பாகை என்பது மார்கழி, தை விடியற்காலைகளில் மட்டும் எட்டிப்பார்க்கும் விருந்தாளி.

உருண்டையைச் சுற்றி மெல்லிய பிசின் உறை இருக்கிறது. ஈரம் உட்புகுந்து பசளையைக் கரைக்க, அது உறைவழியே சிறிது சிறிதாகக் கசிகிறது. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். சித்திரை வெயிலில் சீமெந்து முற்றத்தில் காயும் சாடிக்குள், ஆறு மாத உணவு வெகு முன்னரே தீர்ந்துவிடும்.

நானோ பொதியில் சொன்ன அளவைக் குறைக்காமல் போட்டேன். கள்ளிகள் நீர்கோத்துப் பருத்தன; இரண்டு அடியில் அழுகிச் சாய்ந்தன. வறண்ட மண்ணில் அரைப்பட்டினியாக வாழப் பழகிய குலத்துக்கு நைதரசனை அள்ளிக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடி ஒன்றின் நடுக்குழியில் நீர் தேங்கி நிற்கும். அதற்குள்ளேயே சில உருண்டைகளை இட்ட என் அறிவீனத்தால் குருத்துக் கருகிற்று. மண்ணில் இட்டிருக்கவேண்டும், அதுவும் கால் பங்கு.

செடிகள் போனதில் எனக்குப் பெரிய கவலையில்லை. செடி உண்ணாத மிச்சம் எங்கே போயிற்று என்பதே என் கேள்வி. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. செம்மண்ணுக்கடியில் வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். அதற்குள் தங்கும் மழைநீரே எங்கள் கிணற்று நீர். மேலே கரைவது கீழே சேரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தில் பல கிணறுகள் அதனைக் கடந்துள்ளதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. மலக்குழிகளுக்கும் இதில் பங்குண்டு. வெங்காயத் தோட்டத்து யூரியாவுக்கும் உண்டு. புட்டிப்பால் கரைக்கும் நீரில் அது மிகுந்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும்.

பூச்சாடி அற்பம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் தோட்டக்காரரைக் குறைகூறுமுன் என் முற்றத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

தடை தீர்வாகாது என்பதையும் இந்த மண் கண்டிருக்கிறது. போர்க்காலத்தில், 1990களில், யூரியா வடக்கே வரத் தடையிருந்தது. சாணமும் குழையும் தேடினார்கள். 2021 மே மாதம் நாடு முழுவதற்குமே இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு, நவம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. ஆயத்தமின்றி இரவோடிரவாகப் பிடுங்கிய அந்த முடிவை நான் என்றும் ஏற்கவில்லை.

மெதுவாகக் கொடுக்கும் வித்தை எமக்குப் புதிதுமன்று. புகையிலைத் தோட்டத்தில் பனையோலை தாழ்த்தார்களே, அது மெல்ல உக்கி மெல்லக் கொடுத்தது. (எருவும் மிகுந்தால் நைத்திரேற்றாகவே கிணற்றில் இறங்கும், இயற்கை என்ற சொல்லுக்கு மயங்கவேண்டாம்.)

இப்போது ஆண்டுக்கொருமுறை, மாரி ஓய்ந்தபின், ஒரு சாடிக்கு நாலைந்து உருண்டைகள், அடியில் தட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றுமில்லை. பொதியில் முக்கால்வாசி இன்னும் கிடக்கிறது. மறுபடி என்ன கொண்டுவர என்று மருமகள் தொலைபேசியில் கேட்டாள். கிணற்று நீரில் நைத்திரேற்றைச் சோதிக்கும் தாள் ஒரு பெட்டி வேண்டும் என்றேன்.