வைஃபைக்கும் ஒரு பூட்டு போடுங்க!



பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் வாசக்கதவைப் பூட்டிட்டுத்தான் போறோம். ஆனா பல வீட்டுல வைஃபை மட்டும் திறந்தே கிடக்கு. "யாரோ புள்ளைங்க பார்த்துட்டுப் போகட்டுமே"ன்னு விடலாமா?

2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்பு. வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்றது, நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டில்! அவரது பூட்டாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையில் சிக்கியதோ அவர். காரணம், இணைப்பு யார் பெயரில் இருக்கோ அவங்க வாசலைத்தான் ஐபி முகவரி காட்டும்.

பத்து நிமிஷ வேலைதான்:

✅ ரவுட்டர் அடியில் இருக்கும் முகவரியை பிரௌசரில் போட்டு, 'அட்மின்' பாஸ்வேர்டை மாத்துங்க.
✅ செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 வைங்க.
✅ வைஃபை பாஸ்வேர்டு 12 எழுத்துக்குக் குறையக் கூடாது. போன் நம்பர், புள்ளைங்க பேரு வேண்டாம்.
✅ டபிள்யூபிஎஸ் வசதியை ஆஃப் பண்ணுங்க.

ஆனா இதை மக்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. மாசாமாசம் காசு வாங்கும் நிறுவனங்கள், இணைப்பு கொடுக்கும் அன்றைக்கே இதையெல்லாம் செய்து, தமிழில் விளக்கிவிட்டுத்தான் போகணும். அரசு இதைக் கட்டாயமாக்கணும். இதுவே நம் கோரிக்கை!

செய்யத் தெரியலையா? நம்ம தகவல் தொழில்நுட்ப அணித் தம்பிகளைக் கூப்பிடுங்க. நீங்க எந்தக் கட்சியா இருந்தாலும் வருவோம். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே அடிங்க, எங்ககிட்டயும் சொல்லாதீங்க!

#வைஃபைக்கும்_பூட்டு